பழைய காற்றுத் துப்பாக்கிக்குத் தெம்பு

குழலை மடக்கும் பழைய காற்றுத் துப்பாக்கி பரணில் கிடக்கிறதா? டயானா 27 என்றால் நல்ல சரக்குதான். "வேகமே இல்லீங்க" என்று நீளமான ஸ்பிரிங் தேடி ஓடாதீர்கள். அதில் உதறல்தான் கூடும். பெரும்பாலும் பிஸ்டன் தலையிலுள்ள தோல் வாஷர் காய்ந்திருக்கும். கைப்பம்பு வாஷர் காய்ந்தால் தண்ணீர் ஏறுமா? அதே கதைதான்.

குழலைச் சற்றே மடக்கி, காற்று வரும் துளையில் சிலிக்கான் எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள். கட்டை கீழே இருக்கும்படி ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்! காற்று அமுங்கிச் சூடேறும்போது, டீசல் என்ஜின் மாதிரி உள்ளேயே பற்றி வெடிக்கும். வாஷர் கருகும், ஸ்பிரிங்கும் முறியலாம். ரவை இல்லாமலும் சுடாதீர்கள். பிஸ்டன் மோதி நொறுங்கும்.

குழல் மூட்டின்மேல் சிகரெட் தாளை வைத்துச் சுட்டுப் பாருங்கள். தாள் பறந்தால் அங்குள்ள வாஷரும் கசிகிறது, மாற்றுங்கள்.

ரவை போடும்போது மடக்கிய குழலை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். விசை நழுவினால் விரல் போய்விடும். கிளாம்ப் இல்லாமல் பின்பக்கத்தைக் கழற்றினால், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயும். இதை மட்டும் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, சக்தி 20 ஜூலையோ துளை 4.5 மில்லிமீட்டரையோ தாண்டினால் உரிமம் வேண்டும். கதிர் கொத்துகிற மயில்மேல் நீட்டாதீர்கள்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் சும்மா விடாது. அட்டையில் வட்டம் போட்டு, பின்னால் மண் மூட்டை அடுக்கிச் சுடுங்கள்.