கரண்டு பில்லை ஒளித்து வைக்காதீர்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் வங்கிக் கடன் இணைப்பு பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தோம். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். காரணம் இருக்கிறது. போன வாரம் சில குழுக்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். உள்கடன் எதற்கு என்ற இடத்தில் "குடும்பச் செலவு", "அவசரத் தேவை" என்று வரிசையாக எழுதியிருந்தது. அது என்ன அவசரம் என்று தனித்தனியாக விசாரித்தால், பாதிப் பேர் மெதுவாகச் சொன்ன பதில் கரண்டு பில். அப்படியே எழுத வேண்டியதுதானே என்றோம். "பில்லுகூடக் கட்ட வக்கில்லையான்னு கேப்பாங்க, அசிங்கமா இருக்குங்க" என்றார் ஒரு அக்கா.

ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்ல நமக்குக் கூச்சம் இல்லை. பிள்ளை படிப்புச் செலவைச் சொல்லக் கூச்சம் இல்லை. கரண்டு பாக்கியை மட்டும் அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 2023-ல் நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அவர் காலை ஏழு மணிக்குக் களை எடுக்கப் போனால் பொழுது சாயத்தான் வருவார். மீட்டர் வீட்டுக்குள்ளே. ரீடிங் எடுக்க வருகிறவர் வரும்போதெல்லாம் கதவு பூட்டு. இரண்டு தடவை அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. அந்த அக்காவும், "பில்லு வரலையே, நல்லதுதானே" என்று இருந்துவிட்டார். மூன்றாவது தடவை வீட்டில் ஆள் இருந்தது. ஆறு மாதத்துக்கும் சேர்த்து 780 யூனிட், 4,370 ரூபாய் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த அக்கா யாரிடமும் சொல்லவில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். பத்து வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கி, பில்லைக் கட்டிவிட்டார். மாதம் 500 ரூபாய் வட்டி. மூன்று மாதம் கழித்து, குழுச் சேமிப்பு கட்ட முடியாமல் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் வட்டி மட்டும் 1,500 கட்டியாகிவிட்டது. அசல் 5,000 அப்படியே நின்றது.

இப்போது கணக்கைக் கவனமாகக் கேளுங்கள். நம் ஊரில் வீட்டுக் கரண்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. கூட எரிக்க எரிக்க ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட்டுக்குக் காசு இல்லை. அந்த 100 யூனிட் சலுகை 2016 மே மாதம் வந்தது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரை யூனிட் இரண்டேகால் ரூபாய், 400 வரை நாலரை ரூபாய், 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் இரண்டேகால் ரூபாய் என்ற விலையே போய்விடும். 101-லிருந்தே நாலரை ரூபாய். மேலே 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய்.

ஆக, சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு 1,725 ரூபாய். 501 எரித்தவருக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட், 233 ரூபாய்! வடை சுட்ட கடைசி ஐந்து நிமிஷத்துக்கு இந்த விலை என்று ஒரு குழுவில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கட்டினவர் சிரிக்கவில்லை. (அந்த அட்டவணைக்குப் பிறகும் கட்டணம் மாறியிருக்கிறது. இன்றைய விலையை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் விதம் புரிவதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.)

அந்த அக்காவின் 780 யூனிட்டை ஆறு மாதத்துக்கு, அதாவது மூன்று கணக்காகப் பிரித்துப் பாருங்கள். தடவைக்கு 260 யூனிட். ஒரு தடவைக்கு 495 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து 1,485 ரூபாய்தான். ஒரே கணக்காகப் போட்டதால் 4,370 ஆனது. கூடுதல் 2,885 ரூபாய். அவர் ஒரு யூனிட்கூட அதிகம் எரிக்கவில்லை.

அட்டையோடு பிரிவு அலுவலகத்துக்குப் போனோம். முதல் நாள், "நீங்க கதவைப் பூட்டிட்டுப் போனா நாங்க என்ன பண்றது" என்றார்கள். அதுவும் ஒரு நியாயம்தான், மறுக்கவில்லை. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்காமல் விட்டபோது வாரியமே நாலு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்துத்தான் கணக்குப் போட்டது. அதை எடுத்துச் சொல்லி, உதவிப் பொறியாளருக்கு மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினோம். மூன்று நடை நடந்த பிறகு பில் திருத்தப்பட்டது. கூடுதலாகக் கட்டின பணம் அடுத்தடுத்த பில்லில் கழிக்கப்பட்டது.

கவனியுங்கள், பணமாகக் கையில் வரவில்லை. பில் சரியானது, பத்து வட்டி அப்படியே ஓடியது. பில் வந்த அன்றைக்கே குழுவில் காட்டியிருந்தால் அந்த 5,000 ரூபாயை வாங்கியிருக்கவே வேண்டாம்.

பெரிய பில் வந்தால் முதல் வேலை, கட்டப் பணம் தேடுவது இல்லைங்க. பில் சரிதானா என்று பார்ப்பது. வெள்ளை அட்டையில் போன ரீடிங், இந்த ரீடிங், தேதி மூன்றையும் பாருங்கள். மீட்டரில் ஓடும் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். சில சமயம் வைப்புத்தொகை போதவில்லை என்று கூடுதல் வைப்புத்தொகையும் கேட்பார்கள். பழைய பாக்கியும் சேர்ந்திருக்கும். "இதுல கரண்டுக்கு எவ்வளவு, மத்தது எவ்வளவு" என்று பிரித்துக் கேளுங்கள்.

பிறகு வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அப்போதும் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தால், ஒயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது யாரோ நம் லைனில் இழுத்திருக்கலாம். நீங்களே ஒயரில் கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால், பணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.

கெடு 20 நாள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். தனியாக நோட்டீஸ் வரும் என்று காத்திருக்க வேண்டாம். 20 நாளுக்குள் தகராறு தீராது போலிருந்தால் என்ன செய்வது? 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தில் 56-ஆம் பிரிவு நமக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பில்லில் கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதம் நாம் கட்டியதன் சராசரிப்படி வரும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதை "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துக் கட்டலாம். கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இது பலருக்கும் தெரியாது. மனுவில் "பிரிவு 56" என்று எழுதுங்கள், மறக்காதீர்கள்.

பிரிவு அலுவலகத்தில் கேட்கவில்லை என்றால் மின் பகிர்மான வட்டத்தில், மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில், நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். போனில் சொல்ல மின்னகம் 94987 94987, இது 2021-ல் தொடங்கியது. போனில் புகார் எண் கொடுப்பார்கள், குறித்து வையுங்கள். (வாரியத்தின் பெயர் 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நமக்கு எப்போதும் ஈ.பி.தான்.)

சரி, பில் சரியாகவே இருக்கிறது, பணம்தான் இல்லை. அப்போது? தவணை கேட்டு எழுதிக் கொடுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு, கேட்பதில் தப்பில்லை. ஆனால் கையில் கொஞ்சம் பணத்தோடு, கெடுவுக்கு முன்னால் போய்க் கேட்பதற்கும், துண்டித்த பிறகு போய் அழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. துண்டித்த பிறகு பாக்கியும் கட்டணும், தாமதக் கட்டணமும் கட்டணும், மறு இணைப்புக் கட்டணமும் கட்டணும். நாள் கடந்தால் மீட்டரையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டில் ஒயர் இழுப்பதும், தெரு லைனில் கொக்கி போடுவதும் வேண்டவே வேண்டாம். கொக்கி போடுவது மின் திருட்டு, மூன்று வருடம் வரை சிறை. உயிர் போகிற ஆபத்து வேறு.

இனி குழு விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நமக்குள்ளே கருத்து வேறுபாடு இருக்கிறது.

அந்த அக்காவின் பத்து வட்டிக் கடனை அடைக்க உள்கடன் கொடுக்கலாமா என்று அவர்கள் குழுவில் பேசினபோது நாங்களும் இருந்தோம். ஒரு உறுப்பினர் எழுந்து, "இன்னைக்குக் கரண்டு பில்லுக்குக் கொடுத்தா நாளைக்கு செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணக் கேப்பாங்க. ஆடு வாங்கக் கேட்டா கொடுப்போம், ஆடு குட்டி போடும். பில்லு என்ன குட்டியா போடும்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அது பதினைந்து பேர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். திரும்பி வராவிட்டால் குழு உடையும். பக்கத்து ஊரில் அப்படி உடைந்த குழுவை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் கருத்து, கொடுக்கலாம் என்பதுதான். பில்லு குட்டி போடாது, சரி. பத்து வட்டி போடுகிறதே! குழு இரண்டு வட்டிக்கு 5,000 கொடுத்தது. மாதம் 1,000 அசல், ஐந்து மாதத்தில் முடிந்தது. மொத்த வட்டி 300 ரூபாய், அதுவும் குழுவுக்கே வந்தது. பத்து வட்டியில் அதே ஐந்து மாதம் 2,500 கட்டியிருப்பார், அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. கந்து வட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாசலில் வந்து நிற்கிறவனிடம் சட்டம் பேச எத்தனை பேரால் முடியும்? முதலிலேயே வாங்காமல் இருக்கக் குழு உதவலாம்.

அந்தக் குழு சில கட்டுப்பாடுகள் வைத்தது, அது எங்களுக்குப் பிடித்திருந்தது. கேட்கிறவர் வெள்ளை அட்டையைக் கூட்டத்தில் காட்ட வேண்டும். புத்தகத்தில் "கரண்டு பில்" என்றே எழுத வேண்டும். பில் பணத்தை ஊக்குநரோ பிரதிநிதியோ உடன் போய்க் கவுண்டரில் கட்டி, ரசீதைக் கோப்பில் வைக்க வேண்டும். பழைய பில் கடன் முடியாமல் புதியது கிடையாது. சேமிப்புப் பணத்திலிருந்து மட்டும்தான், தொழிலுக்கு வந்த வங்கிக் கடனில் கை வைப்பதில்லை. உங்கள் குழுவுக்கு எது பொருந்தும் என்று நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணை. பில் நின்றுபோன பல வீடுகளில் கரண்டுக்கு வைத்திருந்த பணம் வாரத் தவணைக்குப் போயிருக்கிறது. ஏனென்றால் அவன் வீட்டு வாசலுக்கு வருகிறான், ஈ.பி.காரர் வருவதில்லை. அந்த மாதிரி வீட்டில் பில்லுக்கு மட்டும் உள்கடன் கொடுத்தால் போதாது. மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து உதவுகிறோம்.

செலவைக் குறைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு தினம் ஆறு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு மூணேகால் யூனிட்தான். 75 வாட் பழைய ஃபேன் தினம் பன்னிரண்டு மணி நேரம் என்றால் 54 யூனிட். வாளியில் போடுகிற 1,500 வாட் சுடுதண்ணி ராடு தினம் அரை மணி நேரம் என்றால் 45 யூனிட். பல்பை அணைக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டுகிறோம், ராடை மறந்துவிடுகிறோம்.

அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கிற வீடுகளும் நம்மில் உண்டு. மூன்று குடும்ப யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் விலைக்குப் போய்விடும். பில் வந்தால் "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்தான்" என்று சண்டை வேறு. தனி வாசல், தனிச் சமையல் என்று இருந்தால் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

கையில் கூலி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக முன்பணம் கட்டும் வசதியும் இருக்கிறது. வாரம் 50 ரூபாய் ஒதுக்கினால் எட்டு வாரத்தில் 400 ரூபாய்.

போனில், "இன்று இரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று மெசேஜ் வந்தால் நம்பாதீர்கள். 2022-லிருந்து இந்த மோசடி நடக்கிறது. கூப்பிட்டால் ஏதாவது செயலியை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கையே துடைத்துவிடுவார்கள். சர்வீஸ் நம்பரை வைத்துப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான மெசேஜ் யார் போனுக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். சில வீடுகளில் திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனுடைய பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மாமனார் இறந்து பல வருஷமாகியும் இணைப்பு அவர் பேரிலேயே இருந்தால், பெயர் மாற்றத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் புத்தகத்தோடு வெள்ளை அட்டையையும் எடுத்து வாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் சர்வீஸ் நம்பர் போதும். இரண்டு கணக்குக்கு மேல் பாக்கி இருப்பவர்களும், அட்டையில் ரீடிங் எழுதாமல் விட்டிருப்பவர்களும் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். மனு எழுத வெள்ளைத் தாளும் கார்பனும் நாங்கள் கொண்டு வருகிறோம். இப்போதே யாருக்காவது கெடு நெருங்கியிருந்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே உங்கள் ஊக்குநரிடம் சொல்லுங்கள்.