காணிக்கையும் உள்ளமும்

(யூபிலி நவநாளின் ஆறாம் நாள் மாலை ஆற்றிய உரை)



நான் பிரசங்கம் செய்யப் படித்தவன் அல்லன். திருப்பலியில் வாசகம் வாசிக்கிறவன். பல ஆண்டுகளாக, வாசித்து முடித்து என் இடத்துக்குத் திரும்பும்போது, “இன்று குரல் நன்றாக இருந்ததா?” என்றுதான் என் மனம் கேட்கும். ஒருநாள் வீட்டில் என் மகள், “அப்பா, இன்று என்ன வாசித்தீர்கள்?” என்றாள். விழித்தேன்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான திருவழிபாட்டு ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்கள் பூசையில் ஊமைப் பார்வையாளராய் இராமல் உணர்ந்து பங்குபெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பின்னர் தமிழில் பூசை வந்தது. வாய் திறந்தோம், உள்ளம் திறந்ததா?

சிலர், “பிள்ளை வரம் கேட்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்களே, சுயநலம்தானே?” என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். எரிக்கோ வழியில் பர்த்திமேயு பார்வையைத்தான் கேட்டான், ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. பிறர் காணக் கொடுத்த தர்மத்தையும், தெருமுனையில் நின்று செய்த செபத்தையும், முகத்தை வாடவைத்துக் காட்டிய உபவாசத்தையுமே கடிந்துகொண்டார்.

நம் ஆலயத்தில் குழல்விளக்கு முதல் பெஞ்சு வரை ‘உபயம்’ எழுதியிருக்கிறோம். யூபிலி மலரிலும் நன்கொடையாளர் பட்டியல் வரும். தவறில்லை; கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும். ஆனால் எழுத்தின் அளவுக்காக மனத்தாங்கல் வந்ததே, அதுதான் வருத்தம். இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணின் பெயரை நற்செய்தி எழுதிவைக்கவில்லை.

இன்னொன்று. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகச் சொன்னார் ஆண்டவர். நமக்கு அவன்மேல் குறை இருந்தால் என்றல்ல. அவனுக்கு நம்மேல் குறை இருந்தால்! இதை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. வரப்புத் தகராறில் நானும் என் அண்ணனும் பேசி ஆறு ஆண்டுகள். ஒரே பூசையில் நன்மை வாங்குவோம். வெவ்வேறு வாசலால் வெளியேறுவோம்.

நேற்றிரவு போனேன். அண்ணி கதவைத் திறந்தார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார். வரப்பைப் பற்றி நானும் எடுக்கவில்லை. ஞாயிறு தேர்ப்பவனிக்குச் சேர்ந்து போகலாமா என்று கேட்டுவிட்டு வந்தேன். இன்னும் பதில் இல்லை. எங்கள் இருவருக்காகவும் இன்றிரவு செபமாலையில் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள்.