பெண்மக்களும் விடுதலைப் பத்திரமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் கூடிய மாதர் மகாநாட்டில் ஆற்றிய சொற்பொழிவு)



"மாதர் முன்னேற்றம்" என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். பொருளோ பெரிது, எனக்கு அளிக்கப்பட்ட நேரமோ கால்மணி. அன்றியும், இம்மண்டபத்தில் ஆண்டுதோறும் பெண்கல்வியின் அவசியத்தைப் பற்றியும் பெண்மையின் பெருமையைப் பற்றியும் நிகழும் பிரசங்கங்களைக் கேட்டு உங்கள் செவிகள் நிறைந்திருக்கும். நம் பெண்கள் படித்துவிட்டார்கள், உத்தியோகமும் பார்க்கிறார்கள். அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தக்கது யாதுமில்லை. ஆதலின் ஒரேயொரு காகிதத்தைப் பற்றி மட்டும் பேச உத்தேசித்து வந்திருக்கிறேன். அதன் பெயர் விடுதலைப் பத்திரம்.

நான் 1982-ஆம் ஆண்டில் பதிவுத் துறையில் சேர்ந்து, 2016-இல் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கிரயம், அடமானம், செட்டில்மெண்டு, பாகப்பிரிவினை என்று என் கைவழியே சென்ற பத்திரங்கள் பல ஆயிரம். அவற்றுள் விடுதலைப் பத்திரம் பதிவாகப் போகிறது என்பதை மட்டும் பத்திரத்தைப் பிரிக்காமலேயே அறிந்துகொள்வேன். அன்று அலுவலகத்து விசுப்பலகையில் இரண்டு மூன்று பெண்மணிகள் புதுப்புடவை உடுத்தி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றிச் சகோதரர்கள் வெகு பரிவோடு நிற்பார்கள். காப்பி வரும், சிற்றுண்டி வரும். "அக்கா, வெயிலா இருக்கு, இப்படி நிழல்ல உட்காருங்க" என்னும் உபசாரம் நடக்கும். பத்திரம் முடிந்து அவர்கள் படியிறங்கிச் செல்லும்போது அந்த உபசாரம் சற்றே குறைந்திருப்பதையும் சில சமயம் கண்டதுண்டு. எல்லாக் குடும்பத்திலும் அப்படி என்று சொல்லேன்.

பத்திரம் எழுதிக் கொடுத்தது தாம்தாமா, கையொப்பம் தம்முடையதுதானா என்பதைப் பதிவு அதிகாரி விசாரித்தறிய வேண்டுமென்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. கிடைத்த பிரதிபிரயோசனம் போதுமா, மனத்தில் வருத்தமுண்டா என்றெல்லாம் கேட்க அவருக்கு அதிகாரமில்லை. ஒரு முறை அறுபது வயதிருக்கத்தக்க அம்மாள் ஒருவர், "என்ன பத்திரம்னு என்னைக் கேக்காதீங்கம்மா, தம்பியைக் கேளுங்க" என்றார். பத்திரத்தை முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டும்படி செய்தேன். நஞ்சையும் புஞ்சையும் வீடுமாக அவருக்கு வரவேண்டிய பாகம் இன்னது என்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டபின் என்னை நோக்கி, "இதுல நான் கையெழுத்துப் போடலேன்னா, பொங்கலுக்கு எந்தம்பி வருவானா?" என்று வினவினார். அவ்வினாவிற்கு விடையளிக்கப் பதிவுச் சட்டத்தில் இடமில்லை. அவர் கையெழுத்திட்டார். நானும் பதிவு செய்தேன்.

இவ்வாறு ஒரு நாழிகையில் விடப்படும் பாத்தியதை எத்தனை காலப் பாடுபட்டுக் கிடைத்தது என்பதை நம்மில் பலர் அறியோம். மிதாட்சர முறைப்படி பூர்வீகச் சொத்தில் பிறப்பினால் உரிமை ஆண்மக்களுக்கே உண்டு என்றிருந்தது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தபோது, அதைக் கேட்டு நகைத்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். 1937-இல் வந்த சட்டம் விதவைக்கு மகனுக்குச் சமமான பாகம் அளித்தது. ஆயினும் அவள் ஆயுள்காலம் வரை அனுபவிக்கலாமேயன்றி இஷ்டம்போல் விற்கவோ கொடுக்கவோ இயலாது. மகளுக்கோ அச்சட்டம் ஒன்றுமே அளிக்கவில்லை. பின்னர் டாக்டர் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொணர்ந்து, அது நிறைவேறாமல் இழுபட்டது காரணங்களுள் ஒன்றாக, 1951-இல் மந்திரி பதவியையே துறந்தார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளை மகனுக்குச் சமமாக்கியது. பூர்வீகச் சொத்திலோ பழைய வேலியை அப்படியே விட்டுவைத்தது.

அவ்வேலி எத்தன்மையது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். மனைவியை இழந்த ஒருவருக்குப் பூர்வீக நிலம் 12 ஏக்கர். ஆண்மக்கள் இருவர், பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் தந்தையும் இரு மகன்களுமாக மூவருக்கு நான்கு நான்கு ஏக்கர். பின்னர் தந்தையின் நான்கு ஏக்கர் மட்டும் மூன்று பிள்ளைகளுக்குப் பிரியும். மகளுக்குக் கிடைப்பது 1 ஏக்கர் 33 சென்ட். மகன் ஒவ்வொருவருக்கும் 5 ஏக்கர் 33 சென்ட். அதுவுமன்றி, குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கும்படி அவள் கேட்கவும் கூடாது. சகோதரர்கள் பிரித்துக்கொள்ள முன்வந்தால்தான் உண்டு. நமது மாநிலம் 1989 மார்ச் 25 முதல் இவ்வேலியைத் தளர்த்தியது. எனினும் அந்நாளுக்கு முன்பே மணமானவர்களுக்கு அவ்வுரிமை இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம், மணமானவள் ஆகாதவள் என்ற பேதமின்றிப் பிறப்பினாலேயே மகளும் பங்காளி என்றது. வீட்டைப் பற்றிய தடையும் நீங்கியது. மேற்சொன்ன 12 ஏக்கரில் இன்று அப்பெண்ணின் பாகம் சரியாக 4 ஏக்கர்.

அதன் பின்னும் வழக்குகள் ஓயவில்லை. அந்நாளில் தந்தையும் உயிரோடிருந்திருக்க வேண்டுமென 2015-இல் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கூறிற்று. அங்ஙனம் வேண்டுவதில்லை, மகளாகப் பிறந்ததே போதும் என்று 2020 ஆகஸ்டு 11-இல் மூன்று நீதிபதிகள் வினீதா சர்மா வழக்கில் முடிவு கட்டினர். 2022 ஜனவரியில், நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசல கவுண்டர் வழக்கில், 1956-க்கு முன்பே காலமான தந்தையின் சுயார்ஜிதமுங்கூட, ஆண் சந்ததியில்லாதபோது, அவருடைய சகோதரர் வழிக்குப் போகாமல் மகளுக்கே சேரும் என்று தீர்ப்பாயிற்று.

பெண்ணியம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர்; அது பட்டணத்துப் படித்த பெண்களின் விளையாட்டு என்கின்றனர். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விவசாய நிலமும் மகளுக்கு எட்டும்படி செய்ய ஓயாது பாடுபட்டவர்களுள் ஒருவர் பீனா அகர்வால் என்னும் பொருளாதார அறிஞர். அப்படிப்பட்டவர்களின் முயற்சியால்தான் நம் கிராமத்துப் பெண்ணுக்கு நான்கு ஏக்கர் வந்தது. அவரும் இன்னொருவரும் கேரளத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் கேளுங்கள். நிலமோ வீடோ இல்லாத மணமான பெண்களில் நூற்றுக்கு 49 பேர் கணவன்மாரிடம் நெடுநாள் அடிபட்டிருந்தார்கள். நிலமும் வீடும் இரண்டும் தம் பெயரில் உடையவர்களிலோ நூற்றுக்கு 7 பேர். போக இடமுடையவள் என்பது கணவனுக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். நகை இதற்கு ஈடாகாது. நம் வீடுகளில் நகை எந்தக் கடையின் அடகில் இருக்கிறது என்பதை இங்குள்ள சகோதரிகள் நன்கு அறிவார்கள்.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பிறருக்கு உபதேசிக்க வந்தவள் தன் கணக்கை மறைத்தல் தகாது. நானும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவளே. எனக்கு மணமானது 1984-இல்; தந்தையார் காலமானது 1996-இல். மறு ஆண்டு என் தமையனார் பெயருக்கு என் பாகத்தை விட்டுக் கொடுத்தேன். அன்று என்னைக் கட்டாயப்படுத்தியவர் எவருமில்லை. என்ன எழுதியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நாள்தோறும் நான் பதிவு செய்த வாசகமன்றோ! ஆயினும் என் மகளுக்குக் காதுகுத்து நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்த வேண்டும்? அந்த மடியை எண்ணிக் கையெழுத்திட்டேன். தமையனாரும் குறைவின்றிச் சீர் செய்தார்.

ஆறு ஆண்டுகள் கழித்து என் கணவருக்கு அறுவை சிகிச்சை நேர்ந்தது. தமையனாரிடம் 40,000 ரூபாய் கேட்டேன். மறுக்காமல் மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு பிராமிசரி நோட்டும் கொண்டுவந்திருந்தார். ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இதில் அவர் தவறு செய்தாரென்று நான் சொல்லவில்லை. கடன் கொடுப்பவர் நோட்டு வாங்குவது முறைதான். என் பாகத்தின் அன்றைய மதிப்பு அக்கடனைப் போல் பன்மடங்கு. அதற்கு எழுத்தும் வேண்டாம், கணக்கும் வேண்டாம் என்றிருந்த நாங்கள் இருவரும், 40,000 ரூபாய்க்கு எழுத்து வேண்டுமென்று ஒருவர்க்கொருவர் சொல்லாமலே ஒப்புக்கொண்டோம். அன்றிரவு ஆஸ்பத்திரியில் விழித்திருந்தபோதுதான் அந்த அம்மாள் கேட்ட கேள்வி என் நினைவுக்கு வந்தது. இதை இங்கே பேசுவதற்குத் தமையனாரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். "சொல்லிக்கோ, நடந்ததுதானே" என்றார்.

இவ்விஷயத்தில் நம்மவர் கூறும் சமாதானங்கள் சில உண்டு. நிலம் துண்டு துண்டாகும் என்பர். மூன்று சகோதரர்கள் பிரித்துக்கொள்ளும்போது துண்டாகாத நிலம் ஒரு சகோதரி சேர்ந்தவுடன் துண்டாவது எங்ஙனம்? பெண்ணுக்கு நகையும் சீரும் செய்தாயிற்றே என்பர். செய்ததை எழுத்தில் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ள உங்களைத் தடுப்பார் யார்? ஆனால் அவ்வாறு கணக்கிட்ட குடும்பம் ஒன்றையேனும் என் 34 ஆண்டு உத்தியோகத்தில் கண்டேனில்லை. பெற்றோரை வைத்துக் காப்பாற்றுகிறவன் மகன் என்பர். இதில் உண்மையுண்டு, அத்தகைய மகனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. எனினும் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குப் பணிவிடை செய்பவள் மருமகள் என்பதையும், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் அக்கடமையில் மகளையும் மகனோடு ஒருங்கே சேர்த்திருப்பதையும் மறக்கலாகாது.

தந்தை தம் சுயார்ஜிதத்தை மகன்களுக்கு மட்டும் உயில் எழுதிவைத்தால் என் செய்வது என்று சிலர் கேட்கக்கூடும். எழுதலாம், சட்டம் அதைத் தடுப்பதில்லை. இது தந்தையரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஆனால் பெண்ணுக்கு மணம் பேசும்போதே, "பிற்காலத்தில் பாகம் கேட்கமாட்டேன்" என்று அவளிடம் எழுதி வாங்கும் வழக்கம் சிற்சில வீடுகளில் இருக்கிறதே, அது வீண். தந்தை உயிரோடிருக்க, அவருடைய சொந்தச் சொத்தில் வாரிசாக வரக்கூடும் என்னும் வெறும் எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாதென்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. மற்றொன்று: 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு என்று நம் மாநில அரசு 2025 ஏப்ரலில் சலுகை அளித்தது. இனி மனைவி பெயரில் மனை வாங்குவோர் பெருகலாம், நல்லதே. அந்த மனையின் பத்திரம் யாருடைய பெட்டியில் இருக்கிறது என்பதையும் அம்மையார்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நம் சங்கத்திற்கு வருகிறேன். நமது தலைக்கட்டுப் பதிவேட்டைக் காரியதரிசி அவர்கள் அன்புகூர்ந்து எனக்குக் காட்டினார்கள். மணமான ஆண்மகன் ஒரு தலைக்கட்டு. கோயில் வரியும் அவன் பெயரில், வாக்கும் அவன் பெயரில். கணவனை இழந்தவள் மகன் பெயருக்குக் கீழே ஒரு குறிப்பாக இருக்கிறாள். மகன் இல்லையேல் குறிப்பும் இல்லை. மணமாகாமல் உத்தியோகம் பார்க்கும் நாற்பது வயதுப் பெண்ணைக் குழந்தைகளின் வரிசையில் கண்டேன்! அரசாங்கச் சட்டம் பங்காளி என்று ஏற்றுக்கொண்டவளை நம் பதிவேடு ஒரு தலையாகவும் எண்ணவில்லை. 2015–16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சாகுபடி நிலப்பிடிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 மட்டுமே பெண்கள் வசம் இருந்தன என்றால், சட்டம் ஒரு பக்கமும் பதிவேடுகள் மறுபக்கமும் இழுப்பது அதற்கு ஒரு காரணமாகாதா?

நம் சங்கத்துச் சமரசக் குழுவின் காரியமும் இத்தகையதே. பாகம் கேட்கும் பெண்ணைக் குறித்துப் புகார் வந்தால், பெரியவர்கள் நால்வர் அவள் புகுந்தகத்திற்கே சென்று, குடும்ப கௌரவத்தை எடுத்துரைத்து, கையெழுத்திடும்படி இணக்குகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் செல்கிறார்கள். ஆனால் அதே நால்வர் சகோதரனிடம் சென்று, "அவள் பாகத்தைக் கொடுத்துவிட்டு, தாய்மாமன் சீரையும் வழக்கம்போல் செய்" என்று ஒரு முறையேனும் சொன்னதுண்டா? அதைச் சொல்வதற்கே சங்கம் வேண்டும். வழக்கறிஞரும் நீதிமன்றமும் நான்கு ஏக்கரை வாங்கித் தரக்கூடும். பொங்கலுக்குத் தம்பியை அனுப்ப அவர்களால் ஆகாது. அது உறவின்முறை ஒன்றினாலேயே ஆவது.

ஆகையால் ஒரு தீர்மானம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பாகம் கேட்ட காரணத்தால் எந்தப் பெண்ணின் வீட்டுச் சுபகாரியத்தையும் பிறந்தகத்தார் புறக்கணிப்பதைச் சங்கம் குற்றமாகக் கருத வேண்டும். சமரசக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். விடுதலைப் பத்திரத்திற்கு இணக்கம் பேசும் வேலையைக் குழு இன்றோடு விட வேண்டும். இருபத்தொரு வயது நிறைந்த ஒவ்வொரு பெண்ணும், மணமானவளாயினும் ஆகாதவளாயினும் கணவனை இழந்தவளாயினும், தன் பெயரில் தலைக்கட்டாக எழுதப்பட்டு வரியும் வாக்கும் பெற வேண்டும். வரி கொடுக்க நாங்கள் பின்வாங்கமாட்டோம்.

இதை மாதர் பகுதியின் சார்பாக நான் முன்மொழிகிறேன். ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வழிமொழிவாராகில், பிற்பகல் பொதுக்கூட்டத்திலேயே இதனை வாக்குக்கு விடுமாறு அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.