இழப்பு யார் தலையில்?



பட்டமளிப்பு மேடையில் ஏறுகிறவர்கள் இளைஞர்களைப் பார்த்து வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. பயப்படாதீர்கள், துணிந்து இறங்குங்கள், ரிஸ்க் எடுங்கள் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் இலங்கையின் இந்த நாலந்தாவில் நின்றுகொண்டு அதை அப்படியே சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊர் வழியாகப் போகும் ஏ9 வீதிதான் காரணம்.

இன்று பஸ்ஸில் போனால் மாத்தளை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. 1820களிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தத் தடத்தில் ஆட்கள் நடந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள், ஆள் திரட்டி வந்த கங்காணியின் பின்னால், காட்டு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று மாத்தளைக்கு வந்தார்கள். அங்கிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கொலரா, அம்மை, காய்ச்சல், பட்டினி, காட்டு விலங்கு. வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணவில்லை. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த நடைபயணமும் இந்தத் தடத்தைத் தொடர்ந்துதான் வந்தது. உங்களில் சிலருடைய முப்பாட்டனும் முப்பாட்டியும் இந்த ஊர் மண்ணை மிதித்துத்தான் மலையேறியிருப்பார்கள்.

அவர்களைவிடப் பெரிய ரிஸ்க் எடுத்தவர்கள் யார்? கடல் தாண்டினார்கள், காடு தாண்டினார்கள், பேரே தெரியாத மலைக்குப் போனார்கள். துணிச்சல் மட்டும் போதும் என்றால் அவர்கள் செழித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஏன் என்று நான் பல காலமாக யோசித்து வருகிறேன். எனக்குக் கிடைத்த விடை அவர்கள் பேரில் இருந்த கணக்கில் இருக்கிறது.

புறப்படும்போதே அவர்கள் கடனாளிகள். ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்சோறு, படகுக்கூலி எல்லாம் அவர்கள் பேரில் ஏறியது. தோட்டத்துக்கு வந்ததும் அந்தக் கடன் கங்காணியின் கணக்கில் வளர்ந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். 1921 வரை அந்த முறை சட்டத்தின் நிழலில் நடந்தது. கோப்பி நன்றாக விளைந்த வருடங்களில் லாபம் தோட்டத் துரைக்குப் போனது. 1869இல் இந்த நாட்டுக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் கோப்பித் தொழிலே சரிந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கியும் வீழ்ந்தது. துரைமார்கள் பலர் திவாலானார்கள், உண்மைதான். ஆனால் கூலி பாக்கியோடு, பசியோடு நின்றவர்கள் மலையில் கிடந்தவர்கள். ஆபத்து அவர்களுடையது, ஆதாயம் வேறு ஒருவருடையது.

ஆகவே, தம்பி தங்கையரே, யாராவது உங்களைத் துணிந்து இறங்கச் சொன்னால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இது சரிந்தால் இழப்பு யார் தலையில் விழும்? கைகூடினால் பங்கு யாருக்கு? இரண்டு கேள்விக்கும் ஒரே ஆளின் பெயர் விடையாக வராவிட்டால் நின்று யோசியுங்கள்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, கடவுச்சீட்டு அலுவலகத்தின் வாசலில் இரவிரவாக வரிசையில் நின்ற இளைஞர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். போய்ப் படித்து, உழைத்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் நிறையப் பேர். ஆனால் வீட்டை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து, முகம் தெரியாத ஏஜென்ட்டிடம் இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு ஏறுகிற பிள்ளையின் கையில் இருப்பது புதிய துண்டுதான். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததும் செய்தியில் வந்தது. படித்த பிள்ளைகள், ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள். ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதைச் செய்வது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஒன்றிலும் இறங்காமல் இருப்பதே நல்லது என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல நான் தூரம் போக வேண்டியதில்லை. பெருவீதியிலிருந்து கொஞ்சம் கிழக்கே நடந்தால் நாலந்தா கெடிகே இருக்கிறது.

எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்த கற்கோயில் அது. மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். பல்லவர் பாணி விமானம், தமிழ்நாட்டுக் கோயிலின் அமைப்பு, உள்ளே பௌத்த வழிபாடு. அதைக் கட்டியவர்கள் எந்தத் துணிவில் இரண்டையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்தார்களோ, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். நான் சொல்ல வருவது 1970களில் நடந்ததை. மகாவலித் திட்டத்தில் பொல்கொல்லையில் மறித்த நீர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு வந்து, சுது கங்கையில் இறங்கி, போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் சேரவேண்டும். அந்தத் தேக்கம் நிரம்பினால் கெடிகே நின்ற தாழ்வான நிலம் நீருக்கடியில் போகும்.

இரண்டே வழிதான் இருந்தது. கட்டடத்தைத் தொடாமல் விட்டால் அது நிச்சயமாக மூழ்கும். கழற்றினால் உடையலாம். ஆயிரம் வருடமாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து பழகிய கற்களை இறக்கிய பிறகு, அவை மறுபடி அப்படியே பொருந்தும் என்று யாரால் உறுதி கொடுக்க முடியும்? ஒரு கல் நொறுங்கினால் அதைச் செதுக்கிய சிற்பியைத் தேடிப் போக முடியாது. இருந்தும் தொல்லியல் துறையினர் கழற்றினார்கள். கல் கல்லாக இறக்கி, உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி அடுக்கி, 1980 அளவில் எழுப்பி நிறுத்தினார்கள். இன்று நீர்க்கரையில் நிற்பது அந்தக் கோயில்தான்.

அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். ஒரு கல்லை அசைப்பதற்கு முன் அளந்திருக்க வேண்டும். எது எதன்மேல் இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கழற்றுகிற கையில் இருக்கிற பொறுமை, அடுக்குகிற கையிலும் இருக்க வேண்டும். பெரிய துணிச்சல் என்று வெளியில் இருந்து பார்க்கிற நமக்குத் தெரிகிறது. உள்ளே நின்று செய்தவர்களுக்கு அது அளவும் குறிப்பும் நிறைந்த அன்றாட வேலை. தொழிலில் ரிஸ்க் எடுக்கக் கற்றுக்கொள்வது என்று நான் சொல்வது இதைத்தான். உங்களில் பொறியியல் படித்தவர்களுக்கும் கணக்கியல் படித்தவர்களுக்கும் இது உடனே விளங்கும்.

இன்னொரு உதாரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867இல், வெறும் 19 ஏக்கரில். கோப்பி உச்சத்தில் இருந்த காலம் அது. இலைத்துரு கண்ணில் படவே இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முழுத் தோட்டத்தையும் பிடுங்கிவிட்டு அவர் தேயிலை வைக்கவில்லை. பட்டுப்போனாலும் தாங்கக்கூடிய ஒரு துண்டு நிலத்தில் வைத்துப் பார்த்தார். கோப்பி போனபோது நாட்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பயிர் இருந்தது. மாத்தளை வீட்டுத்தோட்டங்களில் மிளகும் கோப்பியும் கராம்பும் கொக்கோவும் ஒன்றாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அளந்து எடுக்க முடியாத ரிஸ்க் ஒன்றும் உண்டு. அடுத்தவனுக்காக எடுப்பது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இந்த நாட்டுக்கு வந்த கோ. நடேசய்யரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வெளியாள் ஒருவர் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அவர் புடைவை வியாபாரி போல மூட்டை சுமந்து உள்ளே போனார், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தார், வெளியே வந்து எழுதினார். 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று முதல் தொழிற்சங்கத்தை உருவாக்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார், எழுதினார், அச்சிட்டும் கொடுத்தார். படித்தவர்கள் இருவரும். கொழும்பில் ஒரு நல்ல உத்தியோகத்தோடு ஒதுங்கியிருக்க அவர்களால் முடிந்திருக்கும். படித்தவர் என்பதனாலேயே மற்றவர்களைவிட அவர்களுக்கு இழக்க நிறைய இருந்தது. அதையே அவர்கள் முன்னால் வைத்தார்கள். கடனாளியாக நடந்து வந்த கூட்டத்துக்குக் கிடைக்காத ஒரு சுதந்திரம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அதை அவர்கள் வீணாக்கவில்லை.

உங்களுக்கும் அந்தச் சுதந்திரம் இருக்கிறது. இலவசக் கல்வி உங்களைக் கடனில்லாமல் இந்த மண்டபம்வரை கொண்டுவந்திருக்கிறது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களில்தான். உங்கள் பெற்றோரில் பலர் அந்த மாற்றத்தின் நடுவே படித்தவர்கள், அல்லது படிக்க முடியாமல் போனவர்கள். அரசாங்கப் பட்டதாரி நியமனம் வரும் வரும் என்று வருடக்கணக்காகக் காத்திருப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது கெடிகேயைத் தாழ்நிலத்தில் விட்டுவிட்டு நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலத்தான் தோன்றுகிறது. விண்ணப்பம் போடுங்கள், போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு மிளகு பதனிடும் கொட்டகை, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வகுப்பு, மூன்று பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் வேலை, சிங்களத்தில் தயங்காமல் பேசிப் பழகுவது, தப்பாகப் போகிற ஒரு கணக்கைக் கூட்டத்தில் எழுந்து கேட்பது. கடைசியாகச் சொன்னது எல்லாவற்றிலும் கடினம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் ஏதாவது தொடங்கப் போகிறேன் என்றால் முதல் பேச்சாக, ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். மகனுக்கு விடுகிற தவணையை மகளுக்கும் விடுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு போகலாம், எந்த இடத்தில் நிறுத்துவாய், யாரிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று கேளுங்கள். அவள் பதில் சொன்னால், இரண்டு வருடம் வீட்டுச்சோற்றையும் ஓர் அறையையும் கொடுத்து விட்டுவிடுங்கள். அதற்குள் தோற்றுத் திரும்பினால், கல்யாண வீட்டில் யாராவது அதைக் கிளப்பும்போது அவள் பக்கத்தில் நில்லுங்கள்.