பம்ப்பில் கோளாறு இல்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லாரி பம்ப், ஜெனரேட்டர் பம்ப்தான் பிழைப்பு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான் காசிமேட்டுப் படகு பம்ப்கள் வர ஆரம்பித்தன. உப்புத் தண்ணீரில் ஊறி, உள்ளே எலிமெண்ட் துருவேறி இறுகிக் கிடக்கும். அந்த பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். துரு சும்மா விடுமா?

இப்போதெல்லாம் மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களுக்கு சீசன். 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மரப்படகைக் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, இன்ஜினையும் பிரித்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் பழைய மரப்படகு ஒன்றின் டிரைவர் பம்ப்போடு வந்தார். "சார், கரையில நல்லா ஓடுது. கடலுக்குள்ள போனா நின்னுடுது."

டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினேன். ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் சமமாக நின்றது. "அண்ணே, பம்ப்ல கோளாறு இல்ல" என்றேன். பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடி அதே பெஞ்சு, அதே பதில். கூலியும் வாங்கிக்கொண்டேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

மூன்றாம் முறை வெறுங்கையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ராத்திரி நடுக்கடலில் இன்ஜின் நின்று, ஐந்து பேர், கப்பல் போகும் வழியில், விடியும்வரை டார்ச் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். காலையில் வேறு படகு கட்டி இழுத்து வந்திருக்கிறது. "பம்ப்பைக் கழட்டல சார். நீங்க வாங்க" என்றார்.

போனேன். துறைமுகத்துக்குள் ஒரு மணி நேரம் இன்ஜின் பிசகாமல் ஓடியது. அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் எனக்கு வாந்தி, இன்ஜினுக்கு விக்கல்! டேங்கிலிருந்து ஃபீடு பம்ப்புக்கு வரும் வழியில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ட்யூபை இணைத்துப் பார்த்தேன். படகு ஒவ்வொரு அலையில் ஏறி இறங்கும்போதும் முத்து முத்தாகக் காற்றுக்குமிழி.

விஷயம் இதுதான். மரப்படகு அலையில் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். டீசல் பைப்போ இரும்பு. மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஜாயின்ட் ஓரம் மயிரிழை விரிசல். நின்ற இடத்தில் அது மூடிக்கொள்ளும், அலையில் திறக்கும். ஃபீடு பம்ப்புக்கு முன்னால் இருக்கும் பைப் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஈரம் தெரியாததால் யாரும் அந்தப் பக்கம் தேடவே இல்லை. டேங்க் முன்னூறு லிட்டரோ மூவாயிரம் லிட்டரோ, உள்ளே காற்று போனால் இன்ஜின் பட்டினிதான்.

அந்த இடத்தில் டீசலுக்கான ரப்பர் ஹோஸ் ஒரு துண்டு போட்டு, ப்ளீடு ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினோம். மொத்தச் செலவு நான் வாங்கிய கூலியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாம் முறை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். மறுப்பே சொல்லாமல் எண்ணி வாங்கிக்கொண்டார். நியாயம்தானே?

அதற்கப்புறம் படகு வேலை என்றால் முதலில் படகைப் பார்ப்பேன். டேங்க் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, வடிகுழாயைத் திறந்து பார்ப்பேன். கரையில் காய்ந்த பலகை தண்ணீரில் ஊறி உப்பிய பிறகு இன்ஜினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

ஜூன் பாதியில் சோதனை ஓட்டத்துக்கு வர விரும்பும் மாணவர்கள் கடைக்கு வந்து பெயர் கொடுக்கலாம். வாந்தி மாத்திரை அவரவர் செலவு.