முகத்துக்கு நீல ஒளி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளுக்கும் எல்.இ.டி. முகமூடி இப்போது கூரியரில் வந்துவிடும். ஒளியாவது, மருந்தாவது என்று சிரிக்க வேண்டாம். தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை கண்ட நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த முகமூடியின் நீல ஒளி, சுமார் 415 நானோமீட்டர், பருவில் வளரும் பாக்டீரியாவை அழிக்கிறது. லேசான பருவுக்குக் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் அதே நீல ஒளி மாநிறத் தோலில் கருமையைக் கூட்டுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விளம்பரம் இதைச் சொல்வதில்லை. மங்கு உள்ளவர்கள் இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

மருத்துவமனையிலும் இதே ஒளிதானே என்று கேட்கலாம். அங்கே அளவு பார்த்து, கண்ணை மூடித்தான் கொடுக்கிறார்கள். சில கண் நோயுள்ளவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று 2019-இல் ஒரு பிரபல நிறுவனமே தன் முகமூடியைத் திரும்பப் பெற்றது. இதேபோல் விற்கப்படும், முகத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் மைக்ரோகரன்ட் கருவி தசையை இறுக்கும் என்பதற்கோ ஆதாரம் சொற்பம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்புள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கு அது வேண்டவே வேண்டாம். சென்னை–திருவள்ளூர் (சி.டி.எச்.) சாலை வெயிலில் தினமும் வண்டி ஓட்டுபவர்கள், இந்தக் கருவிகளுக்குச் செலவிடும் பணத்தில் முதலில் நல்ல சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.