அவசர விளக்கும் அதன் பதிவேடும்



1972ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் பேரங்காடி தீக்கிரையாயிற்று. மாண்டவர் 9 பேர். அவர்களுள் பெரும்பாலோர், மின்சாரம் நின்றமையால் மின்தூக்கிகளுக்குள் அகப்பட்டுக்கொண்டவர்கள். தீப்பற்றும் கட்டடத்தில் விளக்கும் உடன் அணையக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. வெளியேறும் வழி இருந்தும், அது கண்ணுக்குத் தெரியாவிடில் என்ன பயன்?

அவசர விளக்கு இதற்காகவே பொருத்தப்படுகிறது. அதனுள் இருக்கும் மின்கலம், மின்சாரம் உள்ளவரை மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றதும் தானே விளக்கை எரியச் செய்யும். கருவறைத் தூண்டாமணி விளக்கில் எண்ணெய் குறைந்தால் சுடரே காட்டிக்கொடுத்துவிடும். அவசர விளக்கில் அந்த வசதி இல்லை. சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்துவிடும். ஆயினும் அதன் சிறு காட்டி விளக்கு முன்போலவே மினுக்கிக்கொண்டிருக்கும். சோதித்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 200 பேருக்கு மேல் கொள்ளக்கூடிய பொதுக் கட்டடங்களுக்குத் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்று, அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தீப் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பொறியாளர் சோதித்துச் சான்றளித்த பின்னரே குடிமைத் தற்காப்புப் படைக்கு விண்ணப்பம் செல்லும். மலேசியாவிலும் 1988ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டம், குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு 12 மாதம் செல்லுபடியாகும் சான்றிதழை வேண்டுகிறது. இக்கடமை கட்டட உரிமையாளரையோ அதனைப் பயன்படுத்துவோரையோ சாரும். "ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்" என்னும் விடை சங்கக் கூட்டத்தில் எடுபடலாம். சட்டத்தின் முன் எடுபடாது.

சோதிக்கும் முறை எளிது. பி.எஸ். 5266 என்னும் பிரிட்டிஷ் தர நெறியின்படி, மாதம் ஒருமுறை மின்சாரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, ஒவ்வொரு விளக்கும் எரிகின்றதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு நேரமும் எரியவிட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முழுச் சோதனைக்குப்பின் மின்கலம் வெறுமையாகிவிடும். மீண்டும் நிறைய ஒரு நாள் வரை ஆகலாம். ஆதலின் திருவிழாவுக்கு முதல்நாள் மாலை இச்சோதனையை வைத்துக்கொள்வது, ஆயிரம் பேர் கூடும் இரவில் கட்டடத்தை விளக்கின்றி விடுவதற்கு ஒப்பாகும். இரண்டு வாரத்துக்கு முன்னரே முடித்துவிட்டால், பழுதான மின்கலத்தை மாற்றவும் அவகாசம் கிடைக்கும். வாழைமரமும் தோரணமும் நன்கொடையாளர் பெயர்ப் பதாகையும் வெளிவழிக் குறியீட்டை மறைக்காதிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நம் மண்டபங்களில் பெரும்பாலும் மறைப்பது பதாகைதான்.

இனிப் பதிவேடு. ஒவ்வொரு விளக்குக்கும் எண்ணிட்டு, சோதித்த நாள், சோதித்தவர் பெயர், கண்ட பழுது, அதனைச் சரிசெய்த நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். மின்கலம் மாற்றினாலும், சுவரெழுப்பி வழியை மாற்றினாலும் அதுவும் குறிக்கப்பட வேண்டும். பன்னிரண்டு மாதமும் "நன்று" என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நிரம்பிய ஏட்டைக் கண்டால் எந்த அதிகாரிக்கும் ஐயம் எழும். "7ஆம் எண் விளக்கு எரியவில்லை, ஒன்பதாம் நாள் மின்கலம் மாற்றப்பட்டது" என்னும் வரி ஆலயத்துக்கு இழுக்கன்று, ஏட்டை நம்பத்தக்கதாக்குவதே அத்தகைய வரிதான்.

நிர்வாகக் குழு மாறும்போது கணக்கேடும் சாவிக்கொத்தும் முறைப்படி கைமாறுகின்றன. விளக்குப் பதிவேடு மட்டும் முன்னாள் செயலாளரின் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுவது பல சங்கங்களில் காணும் வழக்கம். அதனையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்து, அலுவலகத்தில் வைத்து, புதியவர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளச் செய்தல் வேண்டும்.